ஒட்டாத உலோகம் ஒட்டிய கதை

1886-ஆம் ஆண்டு ஜனவரி 29. ஜெர்மனியின் மன்ஹைம் நகரத்தில் கார்ல் பென்ஸ் என்ற பொறியாளர், மூன்று சக்கரத்தில் தானாக ஓடும் வண்டி ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார். சரியாக 25 நாள் கழித்து, பிப்ரவரி 23 அன்று, அமெரிக்காவின் ஓபர்லின் என்ற சிற்றூரில் 22 வயது இளைஞர் ஒருவர் குளிர்ந்து இறுகிய கட்டி ஒன்றைச் சுத்தியலால் உடைத்தார். உள்ளே வெள்ளி நிறத்தில் சில உருண்டைகள் கிடந்தன. அலுமினியம். அந்த இளைஞர் சார்லஸ் மார்ட்டின் ஹால். ஒரே குளிர்காலத்தில் பிறந்த காரும் மலிவு அலுமினியமும் ஒன்றின் வாசலை ஒன்று எட்டிப் பார்க்கச் சில ஆண்டுகளே ஆயின. ஆனால் காரின் ஒரே ஓர் உறுப்பு மட்டும் அலுமினியத்துக்கு முக்கால் நூற்றாண்டு கதவைத் திறக்கவில்லை.

ஹாலுக்கு முன்பும் அலுமினியம் இருந்தது. விலைதான் எட்டாத உயரத்தில் இருந்தது. 1884-இல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் வைப்பதற்காக ஏறக்குறைய 2.8 கிலோ எடையில் ஓர் அலுமினியப் பிரமிடை வார்த்தார்கள். தூணில் ஏற்றுவதற்கு முன் அதை நியூயார்க்கின் டிஃபனி நகைக்கடையில் பார்வைக்கு வைத்தார்கள். நகைக்கடையில் இருந்ததைப் பாத்திரக்கடைக்கு இறக்கிக் கொண்டுவந்தது ஹாலின் விறகுக் கொட்டகைச் சோதனைதான். வேதியியல் படித்த அக்கா ஜூலியா கூடவே இருந்து உதவினார். கிரீன்லாந்தில் வெட்டியெடுக்கப்பட்ட கிரயோலைட் என்ற வெண்மையான கனிமத்தை உருக்கி, அதில் அலுமினிய ஆக்சைடைக் கரைத்து, மின்சாரத்தைச் செலுத்தினார் ஹால். அதே மாதங்களில் பிரான்ஸில் பால் ஹெரூல் என்பவரும் இதே வழியைத் தனியாகக் கண்டுபிடித்து ஏப்ரலில் மனுப் போட்டார். இருவரும் பிறந்தது 1863-இல். இருவரும் இறந்தது 1914-இல். இதை ஒரு நாவலில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். கிரயோலைட் செய்த வேலை இன்னும் வியப்பானது: எளிதில் எதற்கும் மசியாத அலுமினிய ஆக்சைடு, உருகிய கிரயோலைட்டில் கரைந்து போயிற்று. அந்தக் குணத்துக்கு இந்தக் கதையின் பிற்பகுதியில் இன்னொரு வேலை காத்திருந்தது.

மன்ஹைமில் பென்ஸின் வண்டிக்கு வேறொரு தலைவலி. பெட்ரோல் எரியும்போது பிறக்கிற வெப்பத்தில் ஒரு பகுதிதான் சக்கரத்தைச் சுழற்றும். மிச்சம் உலோகத்தில் ஏறும். அதை வெளியேற்ற பென்ஸ் செய்த ஏற்பாடு மிக எளிமையானது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் நின்றது. அது கொதித்தது. ஆவியாகிப் போயிற்று. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், மகன்கள் ஓய்கன், ரிச்சர்ட் இருவரையும் ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பயணத்தில் எரிபொருளைவிட அடிக்கடி தேவைப்பட்டது தண்ணீர். வழியில் இருந்த விடுதி, ஓடை என்று கிடைத்த இடமெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஊற்றிக்கொண்டே போனார்கள். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் வெற்றி பெற்றது. குடிக்கிற தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தாத வண்டியால் எவ்வளவு தூரம்தான் போக முடியும் என்ற கேள்வியும் அதே சாலையில் பிறந்தது.

பதில் சொல்ல வந்தவர் பத்து வயதில் பெற்றோரை இழந்து, ராய்ட்லிங்கன் ஊர் அறநிலையத்தில் வளர்ந்தவர். பெயர் வில்ஹெல்ம் மைபாக். பொறியாளர் காட்லீப் டைம்லர் அவரை அங்கேதான் கண்டெடுத்தார். 1889-இல் மைபாக் வடிவமைத்த வண்டி ஒன்றில் தண்ணீர், வண்டியின் சட்டக் குழாய்களுக்குள்ளேயே ஓடிக் குளிர்ந்தது. எஞ்சின் சிறியதாக இருந்தவரை அது போதும். குதிரைத்திறன் கூடக்கூடத் தண்ணீர்த் தொட்டியும் பெருத்தது. அந்தக் கனத்தை இழுக்க இன்னும் பெரிய எஞ்சின் வேண்டியிருந்தது. 1897-இல் மைபாக் தொட்டிக்குள் ஏராளமான சிறு குழாய்களைக் குறுக்கே செருகினார். குழாய்க்குள் காற்று போயிற்று, வெளியே தண்ணீர் நின்றது. முன்பைவிடத் தேவலாம். ஆனால் அடுத்த பாய்ச்சலுக்கு அவரை உந்தித் தள்ளியது ஒரு மரணம்.

1900 மார்ச் 30. பிரான்ஸில் நீஸ் நகரத்திலிருந்து லா டுர்பி மலைக்கு ஏறும் பந்தயம். டைம்லர் நிறுவனத்தின் உயரமான, முன்பாரம் மிகுந்த காரை ஓட்டிய வில்ஹெல்ம் பாயர், வளைவில் பாறைச் சுவரில் மோதி உயிரிழந்தார். டைம்லர் கார்களை அந்தப் பகுதியில் விற்றுவந்த எமில் யெல்லினெக் அதோடு ஒதுங்கிவிடவில்லை. தாழ்வாக, அகலமாக, எடை குறைவாக ஒரு கார் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஏப்ரலில் 36 கார்களுக்கு 5,50,000 மார்க் விலையில் ஆர்டர் கொடுத்தார். தன் மகள் மெர்சிடிஸின் பெயரையே அதற்குச் சூட்டவும் சொன்னார். 35 குதிரைத்திறன் கேட்ட அந்த மனிதருக்கு, மூக்கில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியைக் கட்டிக் கொடுக்க முடியாது.

மைபாக் அப்போது செய்ததைப் பொறுமையின் சாதனை என்றே சொல்ல வேண்டும். 6 மில்லிமீட்டர் அகலச் சதுரக் குழாய்கள் 8,070. அத்தனையையும் பக்கம் பக்கமாக அடுக்கி, ஈயப்பற்று வைத்து ஒரே செவ்வக ரேடியேட்டராக இணைத்தார்கள். குழாய்களுக்கு நடுவே இருந்த மெல்லிய இடைவெளியில் தண்ணீர் இறங்கியது. குழாய்க்குள் காற்று பாய்ந்தது. பின்னால் ஒரு விசிறி இழுத்தது. முன்பு தேவைப்பட்ட தண்ணீரில் பாதி, வெறும் 9 லிட்டர், போதுமானதாயிற்று. 1900 டிசம்பர் 22-இல் முதல் கார் யெல்லினெக்கிடம் போய்ச் சேர்ந்தது. 1901 மார்ச்சில் நீஸில் நடந்த பந்தயங்களில் மெர்சிடிஸ் மற்றவற்றை ஓரம்கட்டியது. பாயரைப் பலிகொண்ட அதே லா டுர்பி மலையிலும் அதுதான் முதலில் ஏறியது. தேனடை போன்ற முகப்புள்ள அந்த ரேடியேட்டரைப் பார்த்துத்தான் உலகத்துக் கார்கள் எல்லாம் தங்கள் முகத்தை அமைத்துக்கொண்டன. இதில் யாரும் கவனிக்காத ஒரு விஷயம் இருந்தது. அந்தக் காரின் எஞ்சின் அடிப்பெட்டி அலுமினியத்தில் வார்க்கப்பட்டிருந்தது. ரேடியேட்டருக்கும் அதற்கும் இடையே ஒரு முழ தூரம்தான். அந்த ஒரு முழத்தை அலுமினியத்தால் தாண்ட முடியவில்லை.

தடை எங்கே இருந்தது என்று புரிய, ஒரு ரேடியேட்டர் பட்டறைக்குள் நுழைந்தால் போதும். பித்தளைக் குழாய், தாமிரத் தகடு, ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றுக்கோல், ஒரு ஊதுவிளக்கு. இருநூறு டிகிரி சொச்சத்தில் பற்று உருகி, தாமிரத்தின் மேல் எண்ணெய்போல ஓடிப் பரவிப் பிடித்துக்கொள்ளும். ஓட்டை விழுந்தால் திரும்பச் சூடாக்கி அடைக்கலாம். ஃபோர்டின் மாடல் டி-யிலிருந்து நம் ஊர் அம்பாசடர் வரை இந்தக் கைவேலையில்தான் ஓடின. மலைப்பாதைத் திருப்பத்தில் மூடியைத் திறந்து ஆவி பறக்கக் காத்திருந்த ஓட்டுநர்கள் எல்லோருக்கும் மறுநாள் வைத்தியம் செய்தது இந்த ஊதுவிளக்குதான். தாமிரம் கனம், விலையும் அதிகம். ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியம் தாமிரத்தின் அறுபது சதவீதத்தைத்தான் எட்டும். கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற தகுதியை வைத்துக்கொண்டு அலுமினியம் உள்ளே வர நினைத்தது. வாசலிலேயே அதன் தோல் அதற்கு எதிரியாயிற்று.

அலுமினியத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கிய அந்தக் கணமே, காற்றுப் பட்டு அதன் மேல் ஆக்சைடு படலம் ஒன்று வளர்ந்துவிடும். கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலம். அதற்குக் கீழே உள்ள உலோகம் 660 டிகிரியில் உருகும். மேலே உள்ள படலமோ 2,000 டிகிரி தாண்டினாலும் அசையாது. பற்று வைக்கப் போனால், உருகிய பற்று படலத்தின் மேல் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். கொஞ்சம் கூடுதலாகச் சூடேற்றினால் தகடே சரிந்து விழும். பல ஆயிரம் இணைப்புகள் கொண்ட ஒரு பொருளை இந்த உலோகத்தில் செய்வதென்றால், ஆயிரமாவது இணைப்பில் அல்ல, முதல் இணைப்பிலேயே வேலை நின்றுபோனது. பிறகு வந்தது போர்.

விமானங்களுக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரண்டு வழிகள் திறந்தன. முதல் வழி கலிஃபோர்னியாவில், நார்த்ராப் விமான நிறுவனத்தில். மெக்னீசியத்தால் ஒரு போர் விமானம் கட்ட வேண்டும் என்பது ஜாக் நார்த்ராப்பின் கனவு. மெக்னீசியத்தைக் காற்றில் வெல்டிங் செய்தால் தீப்பிடிக்கும். அங்கே வேலை பார்த்த ரஸ்ஸல் மெரிடித், உருகாத டங்ஸ்டன் முனையிலிருந்து மின்பொறியை எழுப்பி, சுற்றிலும் ஹீலியம் வாயுவைப் போர்த்திக் காற்றையே ஒதுக்கினார். 1942-இல் காப்புரிமை கிடைத்தது. பற்றவைப்பவர்கள் இன்று டிக் வெல்டிங் என்று சொல்வது இதன் வழித்தோன்றல்தான். மெக்னீசிய விமானம் பெரிதாகப் பறக்கவில்லை. அதற்காகப் பிறந்த மின்பொறியோ, மாறுமின்னோட்டத்தில் ஓடவிட்டபோது அலுமினியத்தின் ஆக்சைடு தோலையும் உரித்துத் தள்ளியது. ஆனால் வெல்டிங்கில் ஓரங்களைத்தான் இணைக்க முடியும். ரேடியேட்டருக்குள்ளே நெருக்கமாகக் கிடக்கும் ஆயிரக்கணக்கான தகட்டு இதழ்களுக்குள் எந்த வெல்டரின் கையும் நுழையாது.

இரண்டாவது வழி அதற்கானது. அலுமினியத்தோடு சிலிக்கனைச் சேர்த்தால் 577 டிகிரியிலேயே உருகும் ஒரு கலவை கிடைக்கும். அதைச் சாதாரண அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய பூச்சாக உருட்டிச் சேர்த்தார்கள். குழாய்களையும் இதழ்களையும் அடுக்கிக் கட்டி, உருகிய குளோரைடு உப்புத் தொட்டியில் அப்படியே முக்கினார்கள். உப்பு ஆக்சைடைத் தின்றது. பூச்சு மட்டும் வியர்த்து உருகி, தொடுகிற மூலைகளைத் தேடி ஓடி, அங்கே சின்னதாக ஒரு வளைவுபோல் தங்கி இறுகியது. உள்ளே உள்ள தகடு உருகுவதற்கும் பூச்சு உருகுவதற்கும் சில பத்து டிகிரி அளவே இடைவெளி. அந்தக் குறுகிய இடத்தில் வித்தை நடந்தது. வெளியே எடுத்தால் ஆயிரம் இணைப்புகளும் ஒரே மூச்சில் முடிந்திருந்தன. ஆனால் இடுக்கில் கொஞ்சம் உப்பு தங்கிவிட்டால் போதும், ஈரத்தை இழுத்து அலுமினியத்தை அரித்துத் துளைத்துவிடும். கழுவினார்கள், மறுபடி கழுவினார்கள். விமானத்துக்குக் கட்டுப்படியான இந்தச் செலவைக் கார் தாங்குமா?

தாங்கும் என்று நினைத்த ஒரு கார் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் கார்வெட். அதன் பொறியாளர் ஸோரா ஆர்க்கஸ்-டன்டோவுக்கு எடையைக் குறைப்பதில் தீராத ஆசை. 1960 மாடலுக்கு அலுமினிய சிலிண்டர் ஹெட் கொடுப்பதாக அறிவிப்புகூட வந்தது. வார்ப்பில் கோளாறு வந்து அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் நியூயார்க் மாநிலத்து லாக்போர்ட் ஊரில், 1910-இல் தொடங்கி ஜெனரல் மோட்டார்ஸின் அங்கமாகிவிட்ட ஹாரிசன் ரேடியேட்டர் ஆலை, தன் பங்கைச் செய்து முடித்துவிட்டது. 1960-இல் அதிவேக எஞ்சின் வைத்த கார்வெட்களின் மூக்கில், சத்தமில்லாமல், அலுமினிய ரேடியேட்டர் ஒன்று உட்கார்ந்தது. 1886-இன் இரண்டு பிறவிகளும் சந்தித்துக்கொண்டன. மேடையோ மாலையோ இல்லை. அந்த வருடம் கார்வெட்டுக்குக் கிடைத்த புகழ் வேறொரு கொதிப்பால் வந்தது.

ஜூன் மாதம், பிரான்ஸின் லெமான் 24 மணி நேரப் பந்தயம். பிரிக்ஸ் கன்னிங்ஹாம் என்ற செல்வந்தர் மூன்று கார்வெட்களை அனுப்பியிருந்தார். இரண்டு கார்கள் வழியில் விழுந்தன. ஜான் ஃபிச்சும் பாப் கிராஸ்மனும் மாறி மாறி ஓட்டிய மூன்றாம் எண் கார் மட்டும் தன் பிரிவில் முன்னணியில் நின்றது. கடைசி மணிகளில் எஞ்சின் கொதிக்கத் தொடங்கியது, குளிர்நீர் தீர்ந்துகொண்டிருந்தது. குறிப்பிட்ட சுற்றுகள் முடியாமல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது விதி. ஊற்றக் கூடாது என்றுதானே இருக்கிறது, மேலே வைக்கக் கூடாது என்று இல்லையே! உணவைக் கெடாமல் வைத்திருக்கக் கொண்டுவந்த ஐஸ் கட்டிகளை எடுத்து எஞ்சின் மேல் அடுக்கினார்கள். ஒரு சுற்று, மறுபடி ஐஸ்; இன்னொரு சுற்று, மறுபடி ஐஸ். தவழ்ந்து தவழ்ந்து பந்தயத்தை முடித்த அந்தக் கார், மொத்தத்தில் எட்டாவதாகவும் தன் பிரிவில் முதலாவதாகவும் வந்தது. பெர்த்தா ஓடைத் தண்ணீரை ஊற்றி 72 ஆண்டுகள் ஆகியும், காரின் தாகம் மட்டும் அப்படியேதான் இருந்தது.

1961-இல் எல்லாக் கார்வெட்களுக்கும் அலுமினிய ரேடியேட்டர் வந்தது. தாமிரத்தில் ஏறக்குறைய பாதி எடை. இனி எல்லாக் கார்களும் பின்தொடரும் என்று எதிர்பார்த்தால், பின்தொடரவில்லை. சில ஆண்டுகளில் பெரிய எஞ்சின் வைத்த கார்வெட்களிலேயே தாமிரமும் பித்தளையும் திரும்ப வந்தன. காரணம் செலவு மட்டுமில்லை. வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றியவர்களும், குளிர்நீரை வருடக்கணக்கில் மாற்றாதவர்களும் அலுமினியத்தின் இன்னொரு முகத்தைப் பார்த்தார்கள். பாதுகாப்பு மருந்து தீர்ந்த தண்ணீர் உள்ளிருந்தே அரித்து ஊசித்துளை போட்டது. பட்டறைக்குக் கொண்டுபோனால் ஊதுவிளக்குக்காரர் கைவிரித்தார். ஒட்ட முடியாத பொருள், தூக்கிப் போட வேண்டியதுதான். அலுமினிய ரேடியேட்டரின் கதை அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை இறுக்கின.

பெட்ரோல் விலை ஏறியதும், யாருக்கும் பொருட்டாக இல்லாத கிலோ கணக்கு திடீரெனப் பொருட்டானது. ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகன் போன்ற நிறுவனங்கள் பற்றே வைக்காத குறுக்குவழி ஒன்றைப் பிடித்தன: அலுமினியக் குழாயை இதழ்களுக்குள் செருகி, உள்ளிருந்து விரித்து இறுக்கி, இருபக்கமும் பிளாஸ்டிக் தொட்டியை ரப்பர் வைத்துக் கடித்துப் பிடித்தன. வெற்றிடச் சூளையில் இணைத்துப் பார்த்தவர்களும் உண்டு. சூளையின் பராமரிப்பே பெரும்பாடானது. உண்மையான திறவுகோல் கனடாவின் அலுமினிய நிறுவனமான அல்கானின் ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. 1976-இல் காப்புரிமை பெற்ற அந்த வெள்ளைத் தூள், பொட்டாசியம் ஃப்ளூரோஅலுமினேட். குளோரைடு கிடையாது, ஈரத்தை இழுக்காது, கழுவவும் வேண்டாம். அலுமினியத்தின் மேல் தூவி, நைட்ரஜன் நிரம்பிய சூளைக்குள் அனுப்பினால் 565 டிகிரியை ஒட்டித் தூள் முதலில் உருகி, ஆக்சைடு படலத்தைக் கரைத்து விலக்கும். இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறியதும் சிலிக்கன் பூச்சு உருகி மூலைகளுக்கு ஓடும். முன்னது வழிவிட, பின்னது குடியேறும். இந்தத் தூளின் குடும்பப் பெயரைப் பார்த்தால் பழைய முகம் ஒன்று தெரியும். கிரயோலைட் என்பது சோடியம் ஃப்ளூரோஅலுமினேட். ஹாலின் கொட்டகையில் அலுமினிய ஆக்சைடைக் கரைத்து உலோகத்தைப் பெற்றுத் தந்த கனிமத்தின் ஒன்றுவிட்ட தம்பிதான், தொண்ணூறு ஆண்டு கழித்து அதே ஆக்சைடைக் கரைத்து அந்த உலோகத்தை ஒட்டவும் வைத்தது. இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இதுதான்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் புதிய கார்களில் தாமிர ரேடியேட்டர் மெல்ல மறைந்தது. வெப்பத்தைக் கடத்துவதில் தோற்ற உலோகம் எப்படி ஜெயித்தது? இணைப்பில்தான் விடை இருந்தது. தாமிர ரேடியேட்டரில் குழாய்க்கும் இதழுக்கும் நடுவே வெப்பத்தை மந்தமாகக் கடத்தும் ஈயப்பற்று ஓர் அடுக்காக நின்றது. மெல்லிய பித்தளைக் குழாய் அரை அங்குலத்தைத் தாண்டி அகலமானால் அழுத்தத்தில் உப்பியது. அதனால் நாலு வரிசை ஒடுக்கமான குழாய்கள் வேண்டியிருந்தன, பின்வரிசைக்கு முன்வரிசையின் சூட்டுக்காற்றுதான் கிடைத்தது. அலுமினியத்தில் ஒரு அங்குல அகலக் குழாயே நின்றது. இரண்டு வரிசை போதும், இதழோடு அலுமினியமாகவே உருகிப் பிணைந்திருந்தது. புதிய கார்களில் இவ்வளவும் முடிந்த பிறகு, கதை யாரும் எதிர்பாராத இடத்தில் பின்னோக்கித் திரும்பியது. அமெரிக்காவின் வீட்டு ஷெட்களில், ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பிறந்த கார்களின் பானட்டுக்குக் கீழே.

அந்தக் கார்களின் சொந்தக்காரர்கள் எஞ்சினின் திறனை ஏற்றியிருந்தார்கள், ஏசி வைத்திருந்தார்கள், நகர நெரிசலில் ஓட்டினார்கள். பழைய தாமிர ரேடியேட்டர் சிக்னலுக்குச் சிக்னல் கொதித்தது. பந்தயக் கார்ப் பட்டறைகள் சூளையில் இணைத்த அலுமினிய நடுப்பகுதியை வாங்கி, மெரிடித்தின் மின்பொறியால் அதற்கு அலுமினியத் தொட்டிகளைப் பற்றவைத்துக் கொடுக்கத் தொடங்கின. பழைய காரின் மூக்கில் இன்று பளபளக்கும் அந்த வெள்ளி நிற ரேடியேட்டர் அப்படித்தான் பிறந்தது. சூளையும் மின்பொறியும் இரண்டு தனி ஆறுகளாக ஓடி வந்து அதில் கலந்திருந்தன. ஆனால் அதைக் காரில் பொருத்தப் போனவர்களில் பலர் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தரையில் பச்சை நிறக் குளிர்நீரைப் பார்த்தார்கள்.

தவறு ரேடியேட்டரில் இல்லை, போல்ட்டில் இருந்தது. பழைய பித்தளை ரேடியேட்டரின் இருபக்கமும் இரும்புச் சட்டம் இருக்கும். அதை நேராகக் காரின் முன்சட்டத்தில் வைத்து முடுக்கிவிடலாம். மேடுபள்ளத்தில் சட்டம் முறுகினால் மென்மையான பற்று கொஞ்சம் வளைந்து கொடுத்தது. வெல்டிங் செய்த அலுமினியம் வளையாது. அதே துளைகளில் அதே இறுக்கத்தில் முடுக்கியபோது, காரின் ஒவ்வொரு முறுக்கலும் நேராகக் குழாய் தொட்டியில் நுழையும் இடத்துக்குப் போய் அங்கே விரிசல் விட்டது. அறுபதுகளில் ஜெனரல் மோட்டார்ஸின் பல கார்களில் இதற்கு விடை ஏற்கெனவே இருந்தது: ரேடியேட்டர் இரண்டு ரப்பர் தொட்டில்களில் உட்கார்ந்திருக்கும், மேலே ரப்பர் வைத்த தகடு லேசாக அழுத்தியிருக்கும், போல்ட் எதுவும் ரேடியேட்டரைத் துளைக்காது. அதையே மற்றக் கார்களுக்கும் செய்யத் தொடங்கினார்கள். அந்த ரப்பர்கள்கூடப் பழைய தொட்டியின் தடிமனுக்கு அளவெடுத்தவை. புதிய அலுமினியத் தொட்டி அதில் இறங்காமல் நிற்க, அகலமான ரப்பர் தேடி அலைந்தவர்கள் ஏராளம்.

அடுத்த சிக்கல் விசிறி. தடித்த ரேடியேட்டர் பின்பக்கம் நீட்டியதில், விசிறிக்கும் அதற்கும் நடுவே விரல்கடை இடமே மிஞ்சியது. திடீர் பிரேக்கில் எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளில் முன்னால் சாய, விசிறி இலை இதழ்களை அரைத்துத் தள்ளியது. சரி, மின்விசிறி வைக்கலாம் என்று மாறினால் இன்னொரு கண்ணி. அதன் எதிர்முனை ஒயரை வசதிக்காக ரேடியேட்டரிலேயே பிணைத்தவர்களும், துருவும் பெயின்ட்டும் ஏறிய பழைய எர்த் இணைப்புகளை அப்படியே விட்டவர்களும், மின்சாரத்துக்குக் குளிர்நீர் வழியாகப் பாதை போட்டுக் கொடுத்தார்கள். அலுமினியம் உள்ளிருந்து கரைந்தது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எதிர்முனையில் வைத்து, மறுமுனையை ரேடியேட்டர் வாயில் தண்ணீரில் மட்டும் படும்படி நனைத்துப் பார்க்கிற வழக்கம் இதனால் வந்தது. எல்லா விளக்கும் விசிறியும் ஓடும்போதும் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குக்குள் காட்டினால்தான் அனுபவசாலிகள் மூடியைத் திருகுவார்கள். தாமிரக் காலத்தில் யாரும் இதைச் சோதித்ததில்லை. ஊற்றுவதும் காய்ச்சி வடித்த நீரும் அலுமினியத்துக்கு ஏற்ற குளிர்மருந்தும்தான், குழாய்த் தண்ணீர் அல்ல.

பொருத்தி முடித்ததும் பலருக்கு மனசு உறுத்தியது. 1955 கார் ஒன்றின் மூக்கில் அந்தப் பளபளப்பு பொருந்தவில்லை. மெல்லியதாகக் கருப்பு அடித்து மறைத்தார்கள். தடித்த பெயின்ட் வெப்பத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் ஒரு பூச்சோடு நிறுத்தினார்கள். பழமை மாறாமல் காரை மீட்டெடுப்பவர்கள் இதைக்கூடக் கண்டுபிடித்து முகம் சுளிப்பதுண்டு. கார்வெட்காரர்கள் வட்டத்தில் மட்டும் கணக்கு தலைகீழ். 1961 கார்வெட் ஒன்றைக் காட்சிப் போட்டிக்குக் கொண்டுவருபவர் தாமிர ரேடியேட்டர் வைத்திருந்தால் மதிப்பெண் போகும். இடையில் ஏதோ ஒரு பட்டறையில் அலுமினியத்தைக் கைவிட்டு, தாமிரத்தை மாட்டிவிட்ட கார்கள் நிறைய. அவற்றுக்காகவே ஹாரிசன் ஆலையின் பழைய வடிவத்தை, தயாரிப்புத் தேதி முத்திரை உட்பட, புதிதாகச் செய்து விற்கிறார்கள். வாங்குபவர் காரின் வரிசை எண்ணைப் பார்த்து, அந்தக் கார் ஆலையை விட்டு வெளியே வந்த நாளுக்குச் சில வாரம் முந்தைய தேதியைக் கேட்டு அடித்து வாங்கிக்கொள்கிறார்.